ஒன்பது விநாடிச் சத்தம்

கீழ் வீட்டு அண்ணனின் குரலை நான் நேரில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாகமலை புதுக்கோட்டையில் அந்த மாடி அறைக்கு நான் குடிவந்தபோதே அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படியில் என்னைப் பார்த்தால் உதடு மட்டும் அசையும். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். "ஆச்சுண்ணே" என்பேன். இரண்டு வருடம் எங்கள் பேச்சு இப்படித்தான் நடந்தது. பிறகு நோய் திரும்பி வந்தது. போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து அவர் மனைவி மாடிக்கு ஏறி வந்தார். மிஷன் பள்ளியில் ஆசிரியை. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கையில் ஜெபமாலை வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்தான படிக்கிற? இத டிவில போட்டா ஓட மாட்டேங்குது. சப்போர்ட் இல்லைன்னு வருது."

அது அண்ணனின் பழைய பட்டன் போனில் இருந்த கார்டு. அந்தப் போன் எப்போதோ செத்துவிட்டது. கார்டில் பதினான்கு வீடியோக்கள் இருந்தன. எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தவை.

"பாப்பாவுக்கு அப்ப மூணு வயசுதான். அவுக பேசுனதே அவளுக்கு ஞாபகம் இல்ல தம்பி. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வருவாக. அப்பப் போட்டுக் காட்டணும். அவ ஒரு தடவ கேக்கணும்."

"இம்புட்டுதானா டீச்சர்? அஞ்சு நிமிச வேல."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். என் பிராஜெக்ட்டுக்காகச் சாலை கேமரா பதிவுகளில் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. நூறு வீடியோவை ஒரே தட்டில் வேறு வடிவத்துக்கு மாற்ற நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பெருமை. மறுநாள் பல்கலைக்கழக லேபில் கார்டைச் செருகி அதே ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதினான்கும் முடிந்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படம் அருமையாக ஓடியது. ஒன்றில் அண்ணன் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். உதடு அசைந்தது.

எனக்கு எதுவும் தவறாகத் தெரியவில்லை. லேப் கம்ப்யூட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது என்று பிறகு பலரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பையிலேயே ஹெட்போன் இருந்தது. எனக்குத் தெரிந்த அண்ணன் உதட்டை மட்டும் அசைக்கிறவர். திரையிலும் அவர் அப்படியே இருந்தார்.

புதுக் கோப்புகள் பெரிதாக இருந்தன, கார்டில் இடம் இல்லை. கார்டை ஃபார்மேட் செய்து, பழையதை அழித்து, புதியதை ஏற்றினேன். லேப் கம்ப்யூட்டரை அணைத்தால் அதில் உள்ளதெல்லாம் தானாக அழிந்துவிடும். அணைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே கார்டைக் கொடுத்து, "இப்பவே போட்டுப் பாக்குறீங்களா டீச்சர்?" என்றேன்.

"வேணாம் தம்பி. தனியாப் பாக்கத் தெம்பில்ல. எல்லாரோடயும் சேந்து பாத்துக்கிறேன்."

முப்பதாம் நாள் பூசை முடிந்து பதினொரு மணிக்கெல்லாம் ஹால் நிறைந்துவிட்டது. வாசல் வரை செருப்பு. பாப்பா டிவிக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது, பூசைக்குப் போட்ட வெள்ளைக் கவுன். டீச்சரின் தம்பி ரிமோட்டை அமுக்கினார். அண்ணன் வந்தார், சிரித்தார், உதட்டை அசைத்தார்.

"மாப்ள, சவுண்டு வைப்பா," என்றார் பின்னால் ஒரு பெரியவர்.

"வச்சுத்தான் மாமா இருக்கு."

"என்னத்த வச்ச? ரிமோட்டத் திருப்பிப் பிடி."

நாலைந்து பேர் சிரித்தார்கள். டிவியில் எண் ஏறிக்கொண்டே போனது. அறுபது. எண்பது. நூறு. பாப்பா எழுந்து போய் டிவியின் ஓரத்தில் காதை ஒட்டி வைத்தாள்.

"டிவியே போச்சோ என்னவோ," என்று டீச்சரின் தம்பி கேபிளுக்கு மாற்றினார். நகைக்கடை விளம்பரம் ஒன்று நூறில் அலறியது. பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னால் விழுந்தாள்.

டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நொடியில்தான் எனக்கு ஸ்கிரிப்டின் நடுவில் இருந்த இரண்டே எழுத்து நினைவுக்கு வந்தது. வீடியோ கோப்பு என்பது டிபன் கேரியர் மாதிரி. படம் ஓர் அடுக்கு, சத்தம் இன்னோர் அடுக்கு. வண்டி எண்ணுவதற்குச் சத்தம் எதற்கு என்று, அந்த அடுக்கையே எடுத்து வீசச் சொல்லும் அந்த இரண்டெழுத்துக் கட்டளையை நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

கூட்டம் கலைந்தபின் டீச்சரிடம் சொன்னேன். பிரியாணி அண்டாவை மூடிக்கொண்டிருந்தார். மூடியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"பழசு இருக்குல்ல?"

"அழிச்சுட்டேன் டீச்சர்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி. சாப்ட்டுப் போ," என்றார்.

அழித்ததை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் பழையதன் மேலேயே புதியதை எழுதியிருந்தேன். மூன்று நாள் கிளறியதில் ஒரே ஒரு கோப்பின் துண்டு கிடைத்தது. படம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். சத்தமும் வரவில்லை. முதலில் அதுவும் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு விவரங்களைத் திறந்து பார்த்தால் சத்த அடுக்கு உள்ளே இருந்தது. பழைய பட்டன் போன்கள் பேச்சைச் சுருக்கி வைக்கும் ஒரு முறையில் இருந்தது. அதைப் பிரித்துப் படிக்கும் கோடெக் என் கம்ப்யூட்டரில் இல்லை. தேடிப் பிடித்து நிறுவினேன். இந்த முறை ஹெட்போன் போட்டிருந்தேன்.

ஒன்பது விநாடி. பாத்திரம் உருளும் ஓசை, பிரஷர் குக்கரின் விசில் ஒன்று, அப்புறம் கரகரத்த ஓர் ஆண் குரல். அவர்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். பாப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், குக்கர் எத்தன விசிலு?" என்றது குரல். அவ்வளவுதான். அதோடு அறுந்துவிட்டது.

"யாரும்மா இது?" என்றாள் பாப்பா.

டீச்சர் சுவரில் இருந்த அண்ணன் படத்தைக் காட்டினார். பாப்பாவுக்கு அது புரிந்தது. அவளே மறுபடி பட்டனைத் தட்டினாள். நாலு தடவை, ஐந்து தடவை. பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"எப்ப?"

"அப்பா கேட்டாங்கல்ல. எத்தன விசிலுன்னு."

"ஞாபகம் இல்லடி."

"யோசிச்சுச் சொல்லு."

டீச்சர் எழுந்து உள்ளே போனார். நான் லேப்டாப்பை மூடவில்லை. அவள் கை இன்னும் பட்டனில் இருந்தது.

இப்போதும் அதே மாடியில்தான் இருக்கிறேன். சாயங்காலம் கீழே குக்கர் விசில் வந்தால், அடுத்த நொடி பாப்பாவின் குரல் கேட்கும். தொண்டையை இறுக்கி, கரகரப்பாக்கி, அதே இழுவையில் கேட்பாள். எத்தன விசிலு? பிறகு கொஞ்ச நேரம் காத்திருப்பாள் போல. பாத்திரச் சத்தம் மட்டும் வரும்.