நான் அனுப்பாத செய்தி

மலேசியாவின் பாசிர் கூடாங்கில், தொழிற்சாலைப் பேருந்தில் பதினோரு வருடமாக என் பக்கத்து இருக்கையில் வருபவர் ஓர் அக்கா. உறவில்லை, ஒரே உற்பத்தி லைனில் வேலை.

ஒரு திங்கட்கிழமை காலை, உடன் வேலை செய்பவளின் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. அதைப் பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொன்னது. கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினேன். பத்திரிகை திறக்கவில்லை. கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டேன். அன்று அக்காவுக்கு ஓய்வு நாள்.

மறுநாள் பேருந்தில் என்னைக் கண்டதும் அக்கா பதறினார்.

"பையன் எப்படி இருக்கான்? நீ ஏன் வேலைக்கு வந்தே?"

"அவனுக்கு என்னக்கா? ஸ்கூலுக்குக் கிளம்பிட்டிருக்கான்."

அக்கா தன் கைப்பேசியை நீட்டினார். 'அக்கா, பையனுக்கு மறுபடியும் இழுப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். பயமா இருக்குக்கா.' என் எண்ணிலிருந்துதான். அதன் கீழே பணம் கேட்டு ஒரு செய்தி, யாருடையதோ ஒரு கணக்கு எண். முதல் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது, போன வருடம், உண்மையிலேயே அவனுக்கு மூச்சு முட்டியபோது. எவனோ அந்தப் பத்திரிகைச் செயலி வழியாக எங்கள் பழைய பேச்சையெல்லாம் படித்து, அதையே எடுத்து அனுப்பியிருக்கிறான். அவன் அனுப்பிய இரண்டும் என் கைப்பேசியில் அழிக்கப்பட்டிருந்தன.

தன் மகளின் தாதியர் படிப்புக்குச் சேர்த்த பணத்தை அக்கா அனுப்பிவிட்டிருந்தார்.

"ஒரு போன் அடிச்சிருக்கலாமேக்கா."

"அடிச்சேன்லா. நீ எடுக்கல. நீ கேட்டா நான் யோசிப்பேனா?"

அந்த அழைப்பின் தடமும் என் கைப்பேசியில் இல்லை. பணம் கைமாறிப் போய்விட்டது என்றார்கள் வங்கியில். போலீஸ் நிலையத்தில் அக்காவின் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நம்பர் ஒங்களோடது, எழுத்து ஒங்களோடது. ஒங்க காசு மட்டும் எப்படித் தப்பிச்சது?"

சம்பளத்துக்கு நாலு நாள் இருந்தது. என் கணக்கில் திருட எதுவுமில்லை. அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் போலிருந்தது. அக்காவைப் பார்த்தேன். ரிப்போர்ட் தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

கைப்பேசியைக் கடையில் கொடுத்து, அதில் இருந்ததையெல்லாம் அழிக்க வைத்தேன். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். மாதாமாதம் கொஞ்சம் தருகிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். படித்துவிட்டார் என்று காட்டியது, பதில் இல்லை. அக்கா வீட்டுக்குப் போனால் அவர் மகள் கேட்டைத் திறக்காமலே, "அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி" என்றாள்.

அடுத்த மாதம் அக்கா இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். காலையில் நாங்கள் இறங்கும் பேருந்தில்தான் இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறுவார்கள். ஒருநாள் "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பாமல் படியேறிப் போனார்.