இடது கையில் ஒரு மூடி

மலேசியாவின் செனாவாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த சீன அக்கா ஒருவர், தமிழர்கள் நிறைந்த ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவர். தமிழ் சரளமாக வரும், ஆங்கிலம்தான் வராது. குட்டை உருவம், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. இடது கையில் எப்போதும் ஒரு நல்ல பிளாஸ்டிக் மூடி இருக்கும். லைனில் வரும் ஒவ்வொரு மூடியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்.

சூப்பர்வைசர் இன்டர்வியூ வந்தது. அதில் இரண்டு முறை தோற்றவன் என்ற தகுதியில் நானே அவருக்கு ஆங்கில வாத்தியாரானேன். 'கம்பேர்' என்ற ஒரு சொல்லை விளக்கவே எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

"தம்பி, சீனத்துல இத ரெண்டு ஆளு பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி எழுதுவோம். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாக்குறது, அதானே லா?"

"அவ்வளவு சுலபம் இல்லக்கா!" என்றேன்.

இன்டர்வியூவில் மேனேஜர் இரண்டு மூடிகளை நீட்டி, "கம்பேர்" என்றாராம். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "திஸ் ஒன் குட். திஸ் ஒன் கிராக்" என்றாராம். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது!

"ஒனக்கும் மூடிதானே குடுத்தாங்க? நீ என்னா சொன்ன?"

"பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசுனேன்க்கா."

"மூடியப் பாத்தியா?"

இப்போது அவர்தான் என் சூப்பர்வைசர். நானும் இடது கையில் ஒரு நல்ல மூடியோடுதான் வேலை பார்க்கிறேன்.