பசையின் குமிழியும் கல்லின் உருண்டையும்

எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்காருவது அதிகப்படிதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மச்சான் இதைத் தன் போக்கில் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சூரமங்கலத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனி. கல்லைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சில்லாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் எனக்கும் மச்சானுக்கும். அவர் என் மனைவியின் அண்ணன். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு நாளும் சோறு தின்றதில்லை. "எந்தங்கச்சி கஞ்சி குடிக்கறது எம்பட தயவுலீங்க மாப்ள" என்பார், அவள் கட்டிக்கொடுத்த தூக்கைத் திறந்துகொண்டே.

யுத்தம் வந்ததும் கல் தேய்க்கச் சீமையிலிருந்து வரும் சாணைத்தூள் அருகிப்போயிற்று. இனி ஒரு ஆள் போதும் என்றார் கல் பார்க்கும் அதிகாரி. அரியலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கல்லை உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். யார் சில்லு நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை.

ஒட்டும் பசை ஒரு மரத்தின் பால். காய்ச்சித்தான் பூச வேண்டும். பதம் குறைந்தால் கல் நழுவும், மிஞ்சினால் பசை நொறுங்கும். எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான், பசையை ஊசி முனையில் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன்.

"ஏனுங்க மாப்ள, பாகு ஆயிருச்சுங்களா? அச்சு கொண்டாரட்டுங்களா?"

அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அவரோ இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்கு.

அதிகாரி என் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "உருண்டை உருண்டையா இருக்கே."

"நுரைங்க சாமி" என்றார் மச்சான். "ஈர ஊசியப் பசைக்குள்ள உட்டா நுரைக்காம என்ன பண்ணும்? எம்படதப் பாருங்க, ஒரு பொட்டு இருக்காது."

பார்த்தார். ஒரு பொட்டும் இல்லை. தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நுரைதான் என்று நானே நம்பினேன்.

மச்சான் என் பக்கம் சாய்ந்து, "ஊருக்குப் போயி மாடு மேய்ங்க மாப்ள. எந்தங்கச்சிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதிகாரி மறுபடி என் சில்லை வைத்து வெகுநேரம் நகர்த்தினார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். "ஓரத்துல தடிச்ச கறுப்பு விளிம்போட இருக்கே, அது குமிழி. அது உன் தப்பு. நடுவுல பாரு."

நடுவில் கல்லுக்குள் ஒரு வெள்ளைக் கீறல். அது உருண்டைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் வெங்காயத்தை அறுத்தாற்போல வளையங்கள்.

"கல்லுல எந்த யுகத்துலயோ விழுந்த கீறல், நேத்துக் காய்ச்சின பசையோட நுரையை வெட்டுமா? இது கல்லுலயே உள்ளது. கடலடியில உருண்டு உருண்டு சுண்ணாம்பு பூசிக்கிட்ட மணி."

"அப்பறம் எம்படதுல ஏனுங்க இல்ல?"

"உன்னதுல கல்லே இல்லையே. தேய்ச்சே தீத்துட்டே. நான் பார்த்தது வெறும் பசை."

நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் என் குரல் உரக்கக் கேட்டது அன்றுதான். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

மச்சான் தூக்கை எடுத்துக்கொண்டார். "சிரிங்க மாப்ள, நல்லாச் சிரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வண்டியோடு வந்து தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வேலைக்குப் போய், அதே கல்லில் இன்னும் இரண்டு சில்லு தேய்த்தேன்.