என் தங்கையின் பின்னந்தலையில் வரைந்த முகம்

2024 ஆகஸ்ட் 2, ஆடி வெள்ளி, மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை ஹேமா பள்ளியிலிருந்து வந்தாள். ஜோகுபாளையத்தில் உள்ள எங்கள் வீட்டின் வாசலில், ஷூவைக்கூடக் கழற்றாமல், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"அக்கா, பின்னாடி என்ன வரைஞ்சிருக்காங்கன்னு சொல்லு. எனக்குத் தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க."

நான்கு நாட்களுக்கு முன்புதான் முருகனுக்கு முடி கொடுத்த தலை. அதன் பின்புறம் முழுவதும் கறுப்பு மார்க்கரால் ஒரு முகம் வரைந்திருந்தார்கள். இரண்டு கண்கள், பல்லிளிக்கும் வாய், தொங்கும் நாக்கு. தலையில் கட்டிச் சென்ற துணியைப் பறித்துக்கொண்டு விட்டார்கள். ஆகவே அந்த முகத்தோடுதான் கடைத்தெரு முழுவதும் நடந்து வந்திருக்கிறாள்.

நான் முதுகலை இலக்கியம் படிப்பவள். எதையும் சரியான சொல்லில் சொல்ல வேண்டும் என்று நினைப்பவள். அன்று எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. "ஏதோ பொம்மை மாதிரி இருக்கு" என்றேன்.

"நாக்கு நீட்டிட்டு இருக்கா?"

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அடியார்களே, இந்த இடத்தில் சற்றுப் பின்னால் சென்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்தில் எங்கள் அம்மா டெங்குக் காய்ச்சலில் படுத்து, பிழைப்பாரோ என்ற நிலைக்குப் போய் மீண்டார். ஜூலையில் ஒருநாள் ஹேமா தானாகவே வந்து, "அம்மாவுக்கு நல்லானதுக்கு நான் முருகனுக்கு மொட்டை போட்டுக்கறேன்" என்றாள். பெயின்ட் வேலை பார்க்கும் எங்கள் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் பதினொரு வயதுப் பெண் எவள் வாய்விட்டு மொட்டை கேட்பாள் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்கு அத்திபெலே தாண்டி, ஓசூர்ப் பக்கம் உள்ள எங்கள் குலத்தாரின் முருகன் கோயிலுக்குப் போனோம். முடி விழும்போது அவள் சிரித்தாள். அருள் வந்த முகம் என்று அத்தை சொன்னார். நாங்கள் அதை நம்பினோம்.

எங்களைப் போன்ற வீட்டில்தான் இந்தத் தவறு நடக்கும். குழந்தை முடியை வேண்டாம் என்றால் வேறு வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். நாங்கள் கும்பிட்டோம்.

அந்த முகத்தோடு வந்த அன்று மாலை அவள் அழாமல் சொன்னது இது. பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்து பின் வரிசையில் உட்காரும் மூன்று பெண்கள் அவளுடைய இரட்டைச் சடையை பெஞ்சுக் கம்பியில் கட்டிவிடுவார்கள். ஆசிரியை பெயரைச் சொல்லி எழுப்பும்போது அவளால் எழ முடியாது. வகுப்பு சிரிக்கும். எண்ணெய்க் கடை என்று பெயர் வைத்தார்கள். முடியில் சூயிங் கம் ஒட்டினார்கள். கோயில் விளக்கில் முடி கருகிவிட்டது என்று எங்களிடம் சொல்லி, ஒட்டிய இடத்தைக் கத்தரியால் அவளே வெட்டியிருக்கிறாள். சில காலமாக அம்மாவைத் தலை வாரவிடாமல் தானே கொண்டை போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமைகளில் வயிறு வலிக்கிறது என்பாள். எல்லாம் எங்கள் கண்முன்தான் நடந்தது.

"முடியே இல்லன்னா எதைப் புடிப்பாங்கன்னு நெனச்சேன்க்கா."

அதற்காகத்தான் மொட்டை.

தலையைக் கழுவும் முன் புகைப்படம் எடுத்துக்கொண்டேன். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். பிறகு தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தேன். கோடுகள் வெளிறின. முழுவதும் போகவில்லை.

திங்கட்கிழமை அப்பாவும் நானும் பள்ளிக்குப் போனோம். வகுப்பாசிரியை, பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள் என்றார். தலைமையாசிரியை படத்தைப் பார்த்தார். யார் வரைந்தது, யார் பார்த்தது என்று கேட்டார். ஹேமா பெயர் சொல்ல மறுத்திருந்தாள்; சொன்னால் இன்னும் மோசமாக ஏதாவது செய்வார்கள் என்று பயந்தாள். வகுப்பில் கேட்டுவிட்டு வந்த ஆசிரியை, ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை என்றார். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒரு குழந்தையின் தலையில் முகம் வரையப்பட்டது. யாரும் பார்க்கவில்லை.

பிறகு தலைமையாசிரியை கன்னடம் கலந்த தமிழில் அப்பாவிடம் சொன்னார். "இவ்ளோ பெரிய பொண்ணுக்கு மொட்டை போட்டு அனுப்பினா பசங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க? நீங்களும் கொஞ்சம் யோசிக்கணும் அல்வா, இல்லையா?"

பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் அப்பா, "சாமிக்குக் குடுத்தது தப்பாம்மா?" என்று என்னைக் கேட்டார். சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன். ஹேமா பள்ளிக்குப் போகவில்லை. சுவரில் தலையின் பின்புறம் படும்படி சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். யாரையும் தன் பின்னால் நடக்க விடமாட்டாள். அம்மா சமைத்ததைத் தொடமாட்டாள். நான் பிழைத்ததற்கு இந்தக் குழந்தையின் தலையா விலை என்று அம்மா புலம்பினார். புதன்கிழமை பிற்பகல் ஹேமா என்னிடம் இரண்டு வார்த்தைகளைச் சொன்னாள். இரண்டையும் நான் மறக்க மாட்டேன்.

"முருகனுக்குத்தானே குடுத்தேன். அவர் ஏன் பாத்துட்டே இருந்தாரு?"

சிறிது நேரம் கழித்து, "தூங்கினா எந்திரிக்காமலே இருந்துட்டா நல்லா இருக்கும்க்கா."

அதைக் குழந்தைப் பேச்சு என்று விட்டுவிடவில்லை. அவளைத் தனியாக விடக்கூடாது என்று வீட்டில் அனைவரிடமும் சொன்னேன். அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் மறுநாளே அழைத்துச் சென்றோம். அவள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். அதற்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் திரும்பி வரும்போது அவள் ஆட்டோவில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பள்ளிக்கு மட்டும் அனுப்பாதே என்றாள். சரி என்றேன். அடுத்து என்ன என்பது எனக்குத் தெரியவில்லை. வேறு பள்ளியில் சேர்த்தாலும் இவள் சுவரில் சாய்ந்துதான் உட்காரப் போகிறாள் என்று தோன்றியது.

நான் அதிகம் கேட்டு வேண்டுபவள் அல்ல. சஷ்டிக்கு விளக்கேற்றுவேன், கும்பிடுவேன், அவ்வளவுதான். அந்த வியாழன் மாலை எங்கள் தெருமுனை முருகன் சந்நிதியில் நின்றபோது எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்தப் பெண்களுக்குத் தண்டனை கொடு என்று கேட்க வாய் எடுத்தேன். வரவில்லை. அவர்களும் பதினொரு வயதுதான். கடைசியில் நான் கேட்டது இவ்வளவே: "முருகா, பார்த்த நாற்பது பேரில் ஒருவராவது என் தங்கையின் பக்கத்தில் வந்து நிற்கட்டும். ஒருவர் போதும்." திருநீறு பூசிக்கொண்டு வந்தேன். எந்த அமைதியும் கிடைக்கவில்லை. உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன்.

மறுநாள் ஆகஸ்ட் 9, ஆடி வெள்ளி. எங்கள் பகுதி அம்மன் கோயிலில் அன்று மாலையில் கூழ் ஊற்றினார்கள். அம்மாவின் பிடிவாதத்தால் ஹேமா வந்தாள். தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, என் முதுகோடு ஒட்டி வரிசையில் நின்றாள். திடீரென்று என் கையை இறுக்கினாள். முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை, கையில் தூக்குப் பாத்திரத்தோடு, தன் அம்மாவின் அருகில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூமிகா. ஹேமாவின் பெஞ்சில் உட்காரும் பெண். கன்னட வீட்டுப் பிள்ளை. இந்தத் தெருக்களில் வளர்ந்ததால் தமிழும் பேசும்.

அவளுடைய அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்து, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் ஹேமா ஏன் வரவில்லை என்று அழுகிறாள், உங்கள் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அம்மா பதில் சொல்லும் முன் பூமிகா வரிசையை விட்டு எங்களிடம் வந்தாள்.

"அக்கா, மார்க்கர் என்துதான். நான்தான் குடுத்தேன்."

ஹேமாவைப் பார்க்காமலே தொடர்ந்தாள்.

"குடுக்கலன்னா உன் சடையக் கட் பண்ணிடுவோம்னாங்க. பயந்துட்டேன். மிஸ் கேட்டப்பவும் பயம்." பிறகு ஹேமாவைப் பார்த்து, "ஸாரி கணே, ஸாரிடி" என்றாள். "நான் எல்லார் பேரும் ஹேள்தீனி, சொல்லிடறேன்."

அவளுடைய அம்மா அவளைத் திட்டவில்லை. இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்துத் தன் மகளின் முகத்தைத் துடைத்தார். "நாளெ நானே வர்றேம்மா, ஸ்கூலுக்கு" என்று என்னிடம் சொன்னார். ஹேமா என் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். வரிசை நகர்ந்தது. இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்து நின்று கூழ் வாங்கினார்கள். ஹேமா குடித்தாள். ஒரு வாரத்தில் அவள் தானாகக் கேட்டு வாங்கிக் குடித்தது அதுதான்.

இதை அதிசயம் என்று நான் பெரிதாக்கவில்லை. ஒரு பயந்த குழந்தை உண்மையைப் பேசியது. ஆனால் நான் கேட்டது அதைத்தான். ஒருவர் வேண்டும் என்று கேட்டேன்; ஒருவர் வந்தார். பயத்தை மீறிப் பேசும் துணிவைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தவன் யார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த மூன்று பெண்களின் பெற்றோரையும் பள்ளி அழைத்துப் பேசியது. இடைவேளைகளில் ஒரு ஆசிரியை வகுப்பில் இருக்க ஏற்பாடானது. ஆனாலும் ஹேமா இன்றும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் நின்று, அவர்களை முன்னே போகவிட்டு நடக்கிறாள். மருத்துவரிடம் போவது தொடர்கிறது. இப்போது எங்கள் வீட்டில் குழந்தை விரதம் என்றாலும் வேண்டுதல் என்றாலும் முதலில் அதன் அருகில் உட்கார்ந்து கேட்கிறோம், பிறகுதான் கும்பிடுகிறோம்.

அடியார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை காரணமில்லாமல் ஒன்றை வேண்டாம் என்றால், தயவுசெய்து கேளுங்கள். கேட்டும் வழி தெரியாவிட்டால், என்னைப் போல் வெறும் கோபத்தோடாவது அவன் சந்நிதியில் போய் நில்லுங்கள். அவன் கோபத்தையும் ஏற்றுக்கொள்கிறான். எங்களோடு நின்ற முருகனுக்கு நன்றி.

கூழ் ஊற்றிய மறுநாள், சனிக்கிழமை காலை, ஏழேகால் மணிக்கு நான் ஹேமாவை எழுப்பினேன். நீ வர வேண்டியதில்லை, நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்றேன். அவள் நெடுநேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "பூமி தனியா சொல்லுவாளா?" என்றாள். எழுந்து சீருடையைப் போட்டுக்கொண்டாள். அப்பா, பூமிகாவின் அம்மா, இரண்டு பிள்ளைகள், நான். தலைமையாசிரியையின் அறை சாத்தியிருந்தது. நான் கதவைத் தட்டினேன்.