ஆறு ஞாயிறு ஓடாத வண்டி

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் ஓடவே ஓடாது என்று சொன்னால் அது அபாண்டம். ஓடும். தெருமுனையில் இருந்த பால் பூத் வரைக்கும் ஓடும். காலையில் அப்பா நாலு உதை உதைத்தால் நல்ல பிள்ளையாகக் கிளம்பி, புகையைக் கக்கிக்கொண்டு போய், பூத் வாசலில் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். அப்பா அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. உள்ளே போய்ச் சிரித்திருப்பார்கள்.

அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அதன் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்துதான் நான் விருத்தாசலத்தையே பார்த்தேன். ஜங்ஷன், கடைவீதி, ஆற்றுப்பாலம், பீங்கான் கம்பெனிகளின் புகைபோக்கி எல்லாமே எனக்கு ஹேண்டில்பாருக்கு நடுவில்தான் தெரிந்தன. ஒன்பது வயதாகி, அப்பாவின் முகவாயில் என் தலை இடிக்க ஆரம்பித்த பிறகும் அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் வண்டி படுத்ததில் அப்பாவைவிட எனக்குத்தான் துக்கம் அதிகம்.

ரிப்பேர் பார்க்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கரும்பு பிழியும் ராட்சச உருளைகளோடு பழகியவர் என்பதால் எங்கள் வண்டியைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார். "இதெல்லாம் ஒரு மணி நேர வேல மாமா, வுடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் ஆறு ஞாயிற்றுக்கிழமையாக நீண்டது.

நாங்கள் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வரவும், பாசஞ்சர் ரயிலில் மாமா வந்து சேரவும் சரியாக இருக்கும். வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்துவிடுவார். கார்புரேட்டரைப் பிரித்து ஒரு ஞாயிறு போயிற்று. டாங்கைக் கழற்றிக் கழுவி ஒரு ஞாயிறு. சைலன்சரில் அடைத்திருந்த கரியைக் குத்தி எடுத்து ஒரு ஞாயிறு. ஒருமுறை செல்போனை என்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்து, ஆலையில் இருந்த நண்பருக்குச் சத்தத்தைக் கேட்கவைத்தார். நண்பர் என்ன சொன்னாரோ, மாமாவின் காது சிவந்துவிட்டது. "செரி செரி, வைடா" என்று போனை வைத்துவிட்டார்.

"கிரீஸ் வேலக்கி யாராவது இஸ்திரி போட்ட சட்டயோட வருவாங்களா?" என்று அம்மா ஒருநாள் பொதுவாகக் கேட்டார். மாமாவுக்கு அது கேட்கவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்கு வாராவாரம் சும்மா வந்து உட்கார முடியாது, ஸ்பேனரோடு வந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

கழற்றிய உருப்படிகளை வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவித் தட்டில் வைப்பது அத்தையின் வேலை. அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். யாரும் சொல்லாமல் அவராகவே எடுத்துக்கொண்ட வேலை அது. அத்தை பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் விரிசல் பார்த்துக் கழிப்பார். ஒவ்வொன்றையும் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். கணீரென்றால் நல்லது, செத்த சத்தம் வந்தால் விரிசல். சந்தேகமாக இருந்தால் மேலே மை தடவித் துடைப்பார். விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கிக் கோடாகத் தங்கிவிடும். வீட்டிலும் டீ கிளாஸோ சாப்பாட்டுத் தட்டோ, எதையும் ஒரு தட்டுத் தட்டாமல் கீழே வைக்கமாட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பிளக் அவர் கைக்கு வந்தது. வண்டிக்கு நெருப்புப் பொறி கொடுக்கும் விரல் அளவுச் சாமான். அதன் நடுவில் வெள்ளையாக இருப்பது பீங்கான்தான். அத்தை பழக்கதோஷத்தில் அதை வளையலால் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு தடவை தட்டினார்.

"ஒம் பேனாவ எடுத்தா பாப்பா."

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் என் மைப்பேனாவைத் திறந்து, இரண்டு சொட்டு நீல மையைத் தடவித் துணியால் துடைத்தார். வெள்ளையின்மேல் தலைமயிர் போல ஒரு நீலக்கோடு நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "மாமா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அத்தை கிரீஸ் கையால் என் வாயைப் பொத்தினார். அதே கிரீஸை எடுத்துக் கோட்டின்மேல் பூசி, பிளக்கை ஒன்றும் நடக்காததுபோல் தட்டில் வைத்தார்.

"மாமாகிட்ட சொல்லிடாத. நாம கண்டுபுடிச்சோம்னா அவங்க மனசு கஷ்டப்படும்."

அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற அத்தை எவ்வளவு நல்லவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் வண்டி பால் பூத்தில் நிற்கும்போது அந்தப் பெருமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதல் நற்கருணை வாங்குவதற்கு முன் நடக்கும் புதுநன்மை வகுப்பில் சிஸ்டர், உண்மையை மறைப்பதும் பொய்தான் என்று வேறு சொல்லித்தொலைத்திருந்தார்.

ஆறாவது ஞாயிறு அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பூசை முடிந்து வரும்போதே பழைய இரும்புக்காரரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். "வுடுப்பா, நீயும் எவ்ளோ நாளுதான் பாப்ப. இனிமே இதுக்காவ நீ அலைய வேணாம்" என்று மாமாவிடம் சொன்னார். மாமா ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமான ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

இரும்புக்காரர் கயிற்றை அவிழ்த்தார். நான் ஓடிப்போய் டாங்கைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதபடியே அத்தையைப் பார்த்தேன். அந்தப் பார்வையில் ஒரு மிரட்டலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

அத்தை வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். "அண்ணா, ஒரு நிமிஷம் இருங்க" என்றார். மாமாவிடம் பிளக்கைக் கழற்றித் தரச் சொன்னார். கிரீஸைத் துடைத்து, எல்லோர் முன்னாலும் மை தடவிக் காட்டினார். அப்பா பார்த்தார், அம்மா பார்த்தார், இரும்புக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட, ஆமா. வெடிச்சிருக்குது. சூடானா கரண்டு வெளிய போயிடும்" என்றார் மாமா. "புதுசு வாங்கியாந்துடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

கடைவீதிக்குப் போவோம் என்று பார்த்தால், திருப்பத்தில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கித் தந்தார். தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, ஒம் பேனால ஊத்தறது நீல மைதான?"

"ஆமா மாமா."

தலையை ஆட்டிக்கொண்டு டீயை முழுக்கக் குடித்தார். பிறகு பேன்ட் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். வியர்வையில் ஊறி மூலையெல்லாம் மழுங்கிப்போன பெட்டி. உள்ளே புத்தம்புது பிளக்.

"கடைக்குப் போவலியா?"

"கடயெல்லாம் லீவு பாப்பா. அத்தகிட்ட சொல்லிடாத. அவங்கதான் கண்டுபுடிச்சாங்கன்னு சந்தோஷமா இருக்காங்க, பாவம்."

வண்டி நின்றால் யாராக இருந்தாலும் முதலில் பிளக்கைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள் என்பது இன்றைக்கு எனக்கும் தெரியும். அன்றைக்கு, மாமாவின் முன்யோசனையை நினைத்து வியந்தேன். அத்தையும் நானும் மட்டுமே பார்த்ததாக நினைத்திருந்த நீலக்கோட்டை அவர் எந்த ஞாயிறு பார்த்தார் என்று கேட்கவும் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியது. மாமா ஓட்ட, நான் டாங்கின்மேல் இருந்தேன். பால் பூத் வந்தது, போயிற்று. நான் போட்ட கூச்சலில் பூத்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். ஆற்றுப்பாலம்வரை போய்த் திரும்பினோம். வாசலில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வாயெல்லாம் பல். இரும்புக்காரர் ஓட்டை வாளி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அத்தை எங்களைப் பார்க்காமல் காலித் தட்டை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷமான ஞாயிறு எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து, பூசையின் முடிவில் பங்குச்சாமியார் கல்யாண அறிக்கை வாசித்தார். அத்தையின் பெயரும் மாமாவின் பெயரும் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்ததாக, இவர்கள் திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார். அத்தை மாமாவிடம் ஒன்றை மறைத்தார். மாமா அத்தையிடம் ஒன்றை மறைத்தார். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்.

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், தடை இருக்குது."

அவர் முகம் மாறியது. கதவைச் சாத்திவிட்டு, "என்னம்மா?" என்றார். மை, கிரீஸ், டீக்கடை, மழுங்கிய பெட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்கு வந்தபோது கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

ஒரு சாமியாரையே அழவைக்கும் அளவுக்கு அத்தையும் மாமாவும் பாவம் செய்திருக்கிறார்களே என்று எனக்குத் தாங்க முடியாத துக்கம். வீட்டில் எல்லோரும் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் அவர்களுக்காக முழங்காலில் நின்று தினமும் செபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொன்னேன். கல்யாணம் நின்றுபோகாமல் நடந்தது என்னால்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.