ஏழு கோடும் ஒரு சுவரும்

“…கோலத்துல இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் வரக் கூடாது. கோடும் ஒண்ணே ஒண்ணா ஓடணும். நான் கேக்குறது அவ்வளவுதான் சார்” என்றார் கலியபெருமாள். நீடாமங்கலத்தில் அவருடைய நகைக்கடன் நிறுவனத்தின் புதுக் கட்டடத்தில், வெள்ளையடித்த வெறும் சுவருக்கு முன்னால் நின்றிருந்தோம்.

நான் கணக்குப் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் டியூஷன் எடுத்தவன். புரோகிராமிங் யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு வர வரப் பழகியது. கலியபெருமாளுக்கு வட்டி போடும் சாஃப்ட்வேர் எழுதித்தான் ஃபைனான்ஸ் பக்கம் வந்தேன். கம்ப்யூட்டர் தானே சிக்குக் கோலம் வரையும்படி ஒரு புரோகிராம் எழுதியது பிற்பாடு, ஆசைக்காக. அதைக் காட்டியபோது, “வட்டியும் போடுது, கோலமும் போடுது. இதுக்கு மாப்பிள்ளை பாத்துடலாம் போலிருக்கே” என்று சொல்லி, அன்றே இந்தச் சுவரை எனக்கு ஒதுக்கிவிட்டார்.

சுவருக்கு இடப்பக்க அறை அவருக்கு. வலப்பக்க அறை கூட்டாளி சேகருக்கு. சேகர் அவருடைய மனைவியின் தம்பி. பழைய ஆபீசில் பெரிய அறை கலியபெருமாளிடம் இருந்தது. அதில் தொடங்கிய கசப்பு, சேகர் தன் பங்கைப் பிரித்துக் கேட்கும் வரைக்கும் வந்திருந்தது. பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. பங்கைப் பிரித்தால் நிறுவனம் நிற்காது. அதனால்தான் டேப் பிடித்து இரண்டு அறையையும் சமமாகக் கட்டியிருந்தார். நடுவில் கோலம், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி.

சதுரச் சுவர் என்பதால் ஏழுக்கு ஏழு புள்ளி வைத்தேன். அப்படி வைத்துச் சாதாரணமாகச் சுற்றினால் ஏழு தனித்தனிக் கோடுகள் வரும். பார்க்க ஒன்றுபோலத் தெரியும். விரலை வைத்து ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் சில இடங்களில் மாற்றி இணைத்தால் ஏழும் ஒன்றாகும். புரோகிராமை அப்படி ஓட்டினேன். ஒன்றானது. ஆனால் ஒரு பாதியில் சுழிகள் பெருத்து, மறுபாதியில் சிறுத்து விழுந்தன. திரும்பத் திரும்ப ஓட்டியும் ஏதாவது ஒரு பக்கம் பெருத்தே வந்தது.

கேட்டது கேட்டபடி வராதபோது மழுப்பக் கூடாது. கைக்கு வந்ததை வாடிக்கையாளர் முன் வைத்துவிட வேண்டும். டியூஷனிலிருந்து கோலம் வரைக்கும் எனக்குச் சோறு போட்ட பழக்கம் இது. இரண்டு படத்தையும் பிரிண்ட் எடுத்து, அதே சுவருக்கு முன்னால் அவரிடம் கொடுத்தேன். பெயிண்டர் ஏணி போட்டுத் தயாராக நின்றார்.

“ரெண்டு பக்கமும் சமமா வேணும்னா ஏழு கோடுண்ணே. ஒரே கோடு வேணும்னா ஒரு பக்கம் கொஞ்சம் பெருசா இருக்கும். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்.”

அவர் முதல் படத்தில் விரலை ஓட்டினார். புறப்பட்ட இடத்துக்கே விரல் சீக்கிரம் திரும்பிவிட்டது. இரண்டாவதில் ஓட்டினார், வெகுநேரம் ஆனது.

“பெருசு யாரு ரூம் பக்கம் வரும்?”

எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம் என்றேன்.

சேகரின் பூட்டிய அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “மச்சான், சுவத்துல கோலம் போடுறோம். பெரிய பக்கம் உன் ரூமுக்குத்தான். பெயிண்டர் கை வைக்கிறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்துடு.”

மறுமுனையில் சேகர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கலியபெருமாள் போனைப் பையில் போட்டார். ஏணியில் நின்ற பெயிண்டரை டீ குடிக்க அனுப்பினார். சுவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார்.