மாமனாருக்கு ஒரு குரல்

தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் என் மாமனாருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு முன் அவர் பேச்சை யாராலும் நிறுத்த முடிந்ததில்லை. ஜெயங்கொண்டத்தில் அவர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்குத் தெருக்கோடி டீக்கடையிலிருந்து பதில் வரும். இப்போது எது வேண்டுமானாலும் கரண்டியால் டம்ளரைத் தட்டுகிறார். செல்போனில் எழுதிக் காட்டச் சொன்னால், பொடி எழுத்து பிடிக்காமல் தள்ளிவிடுகிறார். ஆபீஸில் காலமெல்லாம் தமிழ் டைப்ரைட்டர் அடித்தவர்.

"அம்மா இப்பல்லாம் அவரோட சண்டையே போடுறதில்ல. ஆறு மாசமா எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே இருக்கு. பதில் பேச முடியாதவர்கிட்ட எப்புடிடி சண்ட போடுறதுங்குது. அதுலதான் அப்பா பாதி ஆளாயிட்டாரு" என்றாள் என் மனைவி.

பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். "மாமா டைப் அடிச்சா கம்ப்யூட்டரே சத்தமாப் படிக்கும். அரைமணி நேர வேலைதான் அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முறுக்கு.

அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். அதற்கேற்ற, தமிழ் படிக்கும் மென்பொருள், அப்படியே ஓடாத மூல நிரலாகத்தான் கிடைத்தது. இறக்கி நாமே கம்பைல் செய்து, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றி, நிறுவ வேண்டும். கட்டளை கொடுத்ததும், வேறொரு கோப்பு இல்லை என்று நின்றது. அதைக் கொண்டுவந்து போட்டால், அது இன்னொன்றைக் கேட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால், "பெரியப்பா வூட்டுல வச்சாச்சா? மொதல்ல அங்க வச்சுட்டு வாங்க" என்பார்களே, அந்தக் கதைதான்.

முதல் நாள் மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு. மறுநாள் முட்டைப் பொரியல். மூன்றாம் நாள் ரசமும் அப்பளமும். அப்பளமும் ஒன்றே ஒன்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திரையில் பிழை வரும்போதெல்லாம் மாமனார் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நல்லவேளை, இவரால் பேச முடியாது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அன்று சாயங்காலம் விடுபட்ட கடைசிக் கோப்பும் சிக்கியது. வரிகள் மடமடவென்று ஓடி, பிழையில்லாமல் முடிந்தன. 'வணக்கம்' என்று அடித்தேன். பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஒரு குரல் வணக்கம் சொன்னது. மாமனார் என் தோளைத் தட்டி எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்கள் விறுவிறுவென்று ஓடின.

"இந்தா, ஒரு காபி கொண்டா" என்றது கம்ப்யூட்டர்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் அழுகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இப்பதான குடிச்சீங்க? ஒரு நாளைக்கு எத்தன காபி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமனார் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பதில் அடிக்க ஆரம்பித்தார்.